புளியங்கொட்டை சைலோகுளூக்கன்: சூட்டில் இறுகி குளிரில் இளகும் ஜெல் செய்வதில் எங்கே தப்புகிறது?

தெளிகரைசல்

வணக்கம் நண்பர்களே. புளியங்கொட்டைப் பருப்பு மாவிலிருந்து பிரித்த சைலோகுளூக்கன் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியில் (பாலிசாக்கரைடு) கேலக்டோஸ் சர்க்கரையை ஓரளவு கழற்றிவிட்டால், கரைசல் குளிரில் திரவமாகவும் உடம்புச் சூட்டில் ஜெல்லாகவும் நிற்கும். காகிதத்தில் செய்முறை எளிது: 2% கரைசல், பிஎச் 5 அசிடேட் பஃபர், கேலக்டோஸைக் கழற்றும் நொதியான பீட்டா-கேலக்டோசிடேஸ் (லாக்டேஸ் என்பதும் இதுவே), 50 டிகிரியில் 16 மணி நேரம், கொதிநீரில் வைத்து நொதியை முடக்குவது, எத்தனாலில் வீழ்படிவாக்கி உலர்த்துவது.

ஆனால் இதே செய்முறைக்கு மூன்று விதமாக முடிவு வருகிறது.

ஒன்று: கரைசல் கெட்டியாகவே இருக்கிறது, 37 டிகிரியில் ஜெல் ஆவதில்லை. இரண்டு: தண்ணீர் மாதிரி நீர்த்துப்போகிறது, எந்தச் சூட்டிலும் ஜெல் இல்லை. மூன்று: ஃபிளாஸ்க்கிலேயே இறுகிவிடுகிறது, உலர்த்திய தூள் பிறகு தண்ணீரில் கரைவதே இல்லை.

மாவு, துணி ஆலைகளுக்குக் கொடுக்கும் ரகம். நொதி, உணவுத்துறைக்கு விற்கும் அமில லாக்டேஸ் தூள், ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையிலிருந்து எடுத்தது. எதை முதலில் பிடிப்பது?

பருப்புமாவு

மூன்றுக்கும் மூன்று காரணம். அதற்கு முன் மூலக்கூறைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், இல்லையென்றால் எல்லாம் குருட்டடி ஆகிவிடும்.

முதுகெலும்பு செல்லுலோஸ் மாதிரியே குளுக்கோஸ் சங்கிலி. நான்கு குளுக்கோஸுக்கு மூன்றில் சைலோஸ் தொங்கும். அந்த சைலோஸ்களில் சிலவற்றின் நுனியில் கேலக்டோஸ். இந்தக் கேலக்டோஸ்தான் சங்கிலியைத் தண்ணீரோடு சேர்த்து வைத்திருக்கிறது. அதைக் கழற்றக் கழற்ற, சங்கிலிகள் தண்ணீரை விட்டு ஒன்றோடொன்று பக்கவாட்டில் ஒட்டப் பார்க்கும். சூடேற்றினால் அந்த ஒட்டல் வலுக்கும், அதுதான் ஜெல். இன்னும் சூடேற்றினால் ஒட்டல் பிரிந்து மறுபடி திரவம். ஆக இதற்கு இரண்டு வாசல்: கீழே ஒரு வெப்பநிலையில் இறுகும், மேலே ஒரு வெப்பநிலையில் இளகும்.

கழற்றல் அளவு, அதாவது மொத்தக் கேலக்டோஸில் கழன்ற பங்கு, 35 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஜெல்லே கிடையாது. 1998ல் ஷிரகாவா, யமதோயா, நிஷினாரி மூவரும் வெளியிட்ட வேலைதான் இதற்கு அடிப்படை. 35% கழற்றினால் கீழ்வாசல் சுமார் 40 டிகிரி, மேல்வாசல் சுமார் 80. 58% வரை போனால் கீழ்வாசல் 5 டிகிரிக்கு இறங்கும், மேல்வாசல் 110க்கு ஏறும். இடைப்பட்ட 44 சதவீதத்தில், 1 முதல் 2% கரைசல் 22–27 டிகிரியிலேயே இறுகிவிடும்.

இப்போது உங்கள் மூன்று முடிவுகள். முதலாவது, கழற்றல் 35ஐத் தொடவில்லை. இரண்டாவது, கேலக்டோஸோடு முதுகெலும்பும் அறுந்துவிட்டது. நொதித் தூளில், குளுக்கோஸ் சங்கிலியையே வெட்டும் செல்லுலேஸ் நொதி கலந்திருக்கிறது. மூன்றாவது, கழற்றல் எல்லை மீறிவிட்டது, உலர்த்திய விதமும் தப்பு. முதலாவதையும் மூன்றாவதையும் விளைவிப்பது ஒரே பழக்கம்தான்: "16 மணி நேரம்" என்பதைச் சட்டமாக எடுத்துக்கொள்வது. நேரத்தை வைத்து நிறுத்தக் கூடாது. வெளியேறிய கேலக்டோஸை அளந்து நிறுத்த வேண்டும்.

நூல்பாவு

மாவைப் பற்றி ஒரு வார்த்தை. துணி ஆலைக்குப் போகும் எல்லாத் தூளும் வெறும் பருப்பு மாவு இல்லை. அச்சு வேலைக்குக் கார்பாக்ஸிமெத்தில் ஏற்றிய ரகம் நிறைய ஓடுகிறது. அதை வைத்து இந்த ஜெல் வராது. சங்கிலியில் ஏறிய மின்னூட்டம் ஒட்டலைத் தடுக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 1 கிராம் தூளை 100 மி.லி. பச்சைத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். அரைமணி நேரத்தில் நன்றாகக் கொழகொழத்துவிட்டால் அது வேதிமாற்றம் செய்த ரகம் என்று சந்தேகப்படலாம். மாற்றாத மாவு கொதித்தால்தான் முழுசாகக் கெட்டிப்படும்.

இன்னொன்று, கருந்தோல். கொட்டையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தோல்தான், அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய. வறுத்துத் தோல் நீக்கும் ஆலையில் தோல்துகள் மாவில் கலக்கும், மாவும் பழுப்பேறும். டானின் நொதியைப் பிடித்து முடக்கும். உங்கள் முதல் முடிவுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். மாவை நீரில் கொதிக்கவைத்துத் தெளிந்த நீரில் 1% ஃபெரிக் குளோரைடு இரண்டு சொட்டு விடுங்கள். கருநீலமோ கரும்பச்சையோ ஆனால் டானின் இருக்கிறது.

தெளிகரைசல்

பச்சைத் தண்ணீர்ச் சோதனையில் தேறிவிட்டது, கொதித்தால்தான் கெட்டியாகிறது. ஃபெரிக் குளோரைடில் மங்கலான கருநீலம் வருகிறது. எப்படிச் சுத்தம் செய்வது? மாவை நேராக நொதிக்குக் கொடுக்கலாமா?

பருப்புமாவு

நேராகக் கொடுக்கக் கூடாது. பருப்பு மாவில் பாலிசாக்கரைடு 65–70%தான். புரதம் 15–20%, எண்ணெய் 6–8%, மீதி நாரும் சாம்பலும்.

முதலில் எண்ணெய். மாவின் எடைக்கு ஐந்து மடங்கு ஹெக்சேனில் இரண்டு முறை கலக்கி வடியுங்கள். நெருப்பு இல்லாத இடத்தில், புகைப்போக்கிக்குக் கீழே. அடுத்து டானினுக்கு 70% எத்தனாலில் ஒரு அலசல். அந்தச் செறிவில் சைலோகுளூக்கன் கரையாது, சிறிய பாலிபீனால்கள் கரைந்து வெளியேறும்.

பிறகு 20 கிராம் மாவை 200 மி.லி. குளிர்நீரில் கூழாக்கி, கொதிக்கும் 800 மி.லி. நீரில் மெல்ல ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். வரிசை முக்கியம். உலர்ந்த மாவைக் கொதிநீரில் கொட்டினால் மேலே கஞ்சி, உள்ளே பச்சை மாவு என்று கட்டி கட்டியாக நிற்கும். 20 நிமிடம் கொதிக்கட்டும், இரவு முழுக்க ஆற விடுங்கள். புரதமும் நாரும் அடியில் தங்கும். தெளிவை 5000–6000 ஜி விசையில் 20 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்து, இரண்டு மடங்கு எத்தனாலில் ஊற்றினால் நூல்நூலாக வெள்ளையாக வரும். பிழிந்து, மறுபடி எத்தனாலில் அலசி, 50 டிகிரியில் உலர்த்தி அரைக்கலாம்.

லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் போகாதீர்கள். அதற்குமேல் பிசுக்குத்தன்மை ஏறி, சென்ட்ரிஃபியூஜில் எதுவும் படியாது.

வெண்பஞ்சு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு? மெத்தில்செல்லுலோஸ் வாங்கிச் சுடுநீரில் தூவி, ஆறவைத்தால் முடிந்தது. அதுவும் தாவரப் பொருள்தான், சூட்டில் இறுகும், குளிரில் இளகும்.

பருப்புமாவு

கேள்வி நியாயம்தான். ஆனால் மெத்தில்செல்லுலோஸ் 2% கரைசல் இறுகுவது 50–60 டிகிரி வாக்கில். அதை 37க்கு இறக்க ஃபாஸ்பேட், சல்ஃபேட் மாதிரி உப்பை நிறையக் கொட்ட வேண்டும். கண்ணிலோ புண்ணிலோ வைக்கிற பொருளில் அந்த உப்பு எரியும். மேலும் அது இறுகும் வெப்பநிலையும் இளகும் வெப்பநிலையும் ஒன்றல்ல. சூட்டில் இறுகியது, நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் இளகும். ஹைட்ராக்ஸிபுரொபைல் செல்லுலோஸ் 40–45 டிகிரியில் கலங்கி வீழ்கிறதே தவிர ஜெல் ஆவதில்லை.

சமையலுக்கு, ஓடு ஒட்டும் கலவைக்கு மெத்தில்செல்லுலோஸ் அருமை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் "தாவரப் பொருள்" என்று சொல்லும்போது அதில் ஏறியிருக்கும் மெத்தில் எல்லாம் மெத்தில் குளோரைடிலிருந்து வந்தவை என்பதும் கணக்கில் இருக்கட்டும். இங்கே நாம் புதிதாக எதையும் ஏற்றவில்லை, இருப்பதில் கொஞ்சம் கழற்றுகிறோம், அவ்வளவே.

வெண்பஞ்சு

உப்பு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். மெத்தில் விஷயம் நீங்கள் வீம்புக்குச் சொன்னது :)

அளவுக்குடுவை

கேலக்டோஸை அளந்து நிறுத்துங்கள் என்று பருப்புமாவு சொல்லிவிட்டுப் போய்விட்டார். அளக்க வேண்டிய எண் என்ன என்பதைக் கணக்குப் போட்டுவிடலாம்.

புளியங்கொட்டை சைலோகுளூக்கனில் குளுக்கோஸ், சைலோஸ், கேலக்டோஸ் மோல் விகிதம் 2.8 : 2.25 : 1. சங்கிலிக்குள் இருக்கும் எடையில் கேலக்டோஸ் சுமார் 17.7%. 500 மி.லி.யில் 10 கிராம் கரைத்தால் அதில் 1.77 கிராம், நீர் சேர்ந்து தனிச் சர்க்கரையாக வெளிவரும்போது 1.97 கிராம். ஆக:

35% கழற்றல்: லிட்டருக்கு 1.38 கிராம் கேலக்டோஸ்
40%: 1.58
45%: 1.77
50%: 1.97

இது 2% சுத்தமான பாலிசாக்கரைடுக்கான எண். உங்கள் தூளில் 10% ஈரமும் கொஞ்சம் புரதமும் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இதை மறந்தால் 40% என்று நினைப்பது உண்மையில் 46% ஆக இருக்கும்.

அளக்கும் முறையில்தான் பலர் விழுகிறார்கள். நிறமாற்றத்தை வைத்துச் சர்க்கரையை அளக்கும் டிஎன்எஸ் முறை மலிவு, ஆனால் எந்த ஒடுக்கும் சர்க்கரையையும் கேலக்டோஸாகவே காட்டும். உணவுத்துறை லாக்டேஸ் தூளில் நொதி கொஞ்சம்தான்; நிரப்பியாக மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கலாம். ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே அமைலேஸுக்குப் பேர்போன பூஞ்சை. அது அந்த மால்டோடெக்ஸ்ட்ரினை உடைத்துக் குளுக்கோஸ் ஆக்கிக்கொண்டே இருக்கும், டிஎன்எஸ் எண்ணும் ஏறிக்கொண்டே போகும். நீங்கள் கேலக்டோஸ் என்று மகிழ்ந்து நிறுத்திவிடுவீர்கள். பாலிசாக்கரைடு இல்லாமல் பஃபரும் நொதியும் மட்டும் உள்ள ஒரு குழாயை அதே 50 டிகிரியில், அதே நேரம் வைத்து, அதன் எண்ணைக் கழிக்க வேண்டும். கையில் காசு இருந்தால் கேலக்டோஸ் டிஹைட்ரஜனேஸ் கிட் வாங்கி 340 நானோமீட்டரில் பாருங்கள், இந்தத் தலைவலி இல்லை.

தெளிகரைசல்

அப்படியானால் செல்லுலேஸ் அறுத்ததும் டிஎன்எஸ்ஸில் தெரியுமே? இரண்டாவது முடிவை அதிலேயே பிடித்திருக்கலாமோ?

அளவுக்குடுவை

தெரியாது, அதுதான் ஆபத்து. ஏழெட்டு லட்சம் மூலக்கூறு எடை உள்ள சங்கிலியைப் பத்துத் துண்டாக வெட்டினாலும், 2% கரைசலில் புதிதாக வரும் ஒடுக்கும் முனைகள் 0.3 மில்லிமோலார் அளவுதான். 45% கழற்றலில் வரும் கேலக்டோஸ் 10 மில்லிமோலாருக்குப் பக்கம். அந்த 0.3 பிழைக்குள் மறைந்துவிடும், ஆனால் ஜெல் போய்விடும். முற்றிலும் ஏழு முதல் ஒன்பது சர்க்கரைத் துண்டுகளாகச் சிதைந்தால்தான் 15 மில்லிமோலார் ஏறி டிஎன்எஸ் கூச்சல் போடும். அப்போது கையில் இருப்பது வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

செல்லுலேஸைப் பிடிக்கச் சரியான கருவி பிசுக்குமானி. வாங்கிய ஒவ்வொரு நொதி லாட்டுக்கும், 1% சைலோகுளூக்கனில் வேலைக்கு வைத்திருக்கும் அதே அளவு நொதியைப் போட்டு, 50 டிகிரியில் முதல் ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஆஸ்ட்வால்ட் குழாயில் ஓட்ட நேரம் பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கழற்றல் 35ஐ எட்டாது, அதனால் ஜெல் குறுக்கே வராது. ஓட்ட நேரம் சட்டென்று பாதியாக இறங்கினால் அந்த லாட்டைத் தூக்கிப் போடுங்கள். பால்காரர்களுக்குக் கொடுங்கள், லாக்டோஸ் உடைக்க அது நன்றாகவே உதவும்.

பருப்புமாவு

நொதி அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டப்பாவில் எழுதியிருக்கும் யூனிட் லாக்டோஸையோ ஓஎன்பிஜி என்ற சிறிய சோதனை மூலக்கூறையோ வைத்து அளந்தது. பெரிய சங்கிலியின் ஓரத்தில் இருக்கும் கேலக்டோஸை அது எந்த வேகத்தில் கழற்றும் என்று அந்த எண் சொல்லாது. அதனால் 20 மி.லி. குழாய்கள் மூன்றில் 1 : 2 : 4 என்ற விகிதத்தில் நொதி போட்டு 2, 4, 8, 16 மணி நேரத்தில் மாதிரி எடுங்கள். எட்டு மணி வாக்கில் 40ஐத் தொடும் அளவே வசதி. மிக வேகமானால் நிறுத்துவதற்குள் 50 தாண்டும்.

பாலுக்கு விற்கும் ஈஸ்ட் லாக்டேஸ் திரவத்தை எடுக்காதீர்கள். அது பிஎச் 6.5–7ல் வேலை செய்யும் ரகம், 50 டிகிரி சூட்டில் நிற்காது.

இன்னொரு வேடிக்கை: 50 டிகிரி என்பது ஜெல் சாளரத்துக்குள்ளேயே, அதாவது இரண்டு வாசலுக்கும் இடையிலேயே, இருக்கிறது. கழற்றல் 35ஐத் தாண்டும்போது ஃபிளாஸ்க்கே இறுகத் தொடங்கும். பலர் இதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். அது இலவச மணியோசை. கலக்கி திணறத் தொடங்கினால் இலக்கு நெருங்கிவிட்டது என்று பொருள். அப்போதே மாதிரி எடுத்து அளந்து, நிறுத்தும் வேலையைத் தொடங்குங்கள்.

நிறுத்துவதிலும் ஒரு கண்ணி உண்டு. 40–45 சதவீதத்தில் கொதிநீரில் வைத்தால் மேல்வாசலைத் தாண்டி ஜெல் இளகிவிடும், சூடு எல்லா இடத்துக்கும் பரவும், 20–30 நிமிடத்தில் நொதி முடிந்தது. 55 சதவீதத்துக்கு மேல் போயிருந்தால் கொதிநீரிலும் இளகாது. கட்டி ஜெல்லின் நடுப்பகுதி மெதுவாகச் சூடேறும், அதற்குள் நடுவில் நொதி இன்னும் கழற்றிக்கொண்டிருக்கும். ஓரம் ஒரு கழற்றல், நடு ஒரு கழற்றல். அப்படிப்பட்ட லாட்டுக்குத் தெளிவான வாசல் கிடையாது.

தெளிகரைசல்

மூன்றாவது முடிவு? 40% என்றே வைத்துக்கொண்டாலும் உலர்ந்த தூள் கரைய மறுக்கிறது. கொதிநீரில்கூடப் போட்டுப் பார்த்தாயிற்று.

நூல்பாவு

கொதிநீரில் போட்டதுதான் தப்பு. இது சூட்டில் இறுகும் பொருள். தூள் மணியின் வெளிப்புறம் நனைந்த உடனே ஜெல்லாகித் தோல் கட்டும், உள்ளே தண்ணீர் போகாது. பச்சை மாவுக்குப் பழகிய கை அப்படித்தான் போகும்.

பனிக்கட்டித் தொட்டியில் 5 டிகிரி நீர். தூளை எடைக்குச் சமமான எத்தனாலில் நனைத்துக் கட்டி பிரித்து, ஹோமோஜெனைசர் ஓடும்போது தூவுங்கள். பிறகு குளிர்பெட்டியில் இரவு முழுக்க விடுங்கள். இந்த எத்தனால் கரைசலில் 2–3 சதவீதத்துக்கு மேல் மிஞ்சாமல் பாருங்கள், ஏன் என்று கீழே யாராவது சொல்வார்கள்.

உலர்த்தலிலும் அக்கறை வேண்டும். 60 டிகிரி அடுப்பில் காய்ந்த வீழ்படிவு கொம்பு மாதிரி இறுகிவிடும். சங்கிலிகள் ஈரமும் சூடும் சேர்ந்து ஒட்டிய நிலையிலேயே காய்கின்றன. உறைவுலர்த்தல் இருந்தால் அதுதான் சிறந்தது. இல்லையென்றால் 70% எத்தனாலில் இரண்டு முறை, 95 சதவீதத்தில் ஒரு முறை அலசி, பிழிந்து, அறைச்சூட்டில் வெற்றிடத்தில் காய விடுங்கள். முதல் அலசலே 95 என்று தொடங்காதீர்கள். தனிக் கேலக்டோஸ் அந்தச் செறிவில் கரையாமல் பொருளோடு தங்கிவிடும்.

வீழ்படிவுக்கு முன்னால், கொதித்த கரைசலை 5 டிகிரிக்குக் குளிரவைத்து, 4 டிகிரி சென்ட்ரிஃபியூஜில் ஓட்டினால் திரிந்த நொதிப் புரதம் அடியில் போய்விடும். சூடாக இருக்கும்போது வடிகட்ட முயன்றால் ஆறும் வழியில் வடிதாளிலேயே ஜெல்லாகும்.

வெண்பஞ்சு

ஒரு சந்தேகம். இதை எல்சிஎஸ்டி பாலிமர் (சூடேற்றினால் கரைசலிலிருந்து பிரிவது) என்று சிலர் எழுதுகிறார்களே, பிஎன்ஐபிஏஎம் என்ற செயற்கைப் பாலிமர் மாதிரி?

அளவுக்குடுவை

பிஎன்ஐபிஏஎம் 32 டிகிரியில் சங்கிலி சுருண்டு தண்ணீரை உமிழ்ந்து கலங்கும். இங்கே சங்கிலி சுருள்வதில்லை, விறைப்பாகவே நின்று பக்கத்துச் சங்கிலியோடு அடுக்காக ஒட்டுகிறது. ஜெல் தண்ணீரை உமிழாமல் தக்கவைக்கும். மேல்வாசல் என்று ஒன்று அதற்குக் கிடையாது, இதற்கு உண்டு. இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால் கலங்கல் அளவை வைத்து வாசலைத் தேடுவீர்கள், ஒன்றும் தெரியாது.

வாசலை ரியோமீட்டரில் (ஜெல்லின் விறைப்பை அளக்கும் கருவி) பாருங்கள்: 1 ஹெர்ட்ஸ், 1% திரிபு, நிமிடத்துக்கு 0.5–1 டிகிரி, ஓரத்தில் சிலிக்கோன் எண்ணெய். எண்ணெய் இல்லாவிட்டால் 60 டிகிரிக்கு மேல் ஓரம் காய்ந்து, அந்தக் காய்ந்த தோலின் விறைப்பு ஜெல் விறைப்பாகத் தெரியும். ரியோமீட்டர் இல்லையென்றால் குழாய் கவிழ்ப்பு போதும்: 2 மி.லி., 5 டிகிரியில் தொடங்கி ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் நிறுத்தி, கவிழ்த்து 30 நொடி. அந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்காதீர்கள். வாசலுக்குப் பக்கத்தில் இறுகல் மெதுவாக நடக்கும். அவசரப்பட்டால் நாலைந்து டிகிரி மேலே காட்டும்.

தெளிகரைசல்

நன்றி. டானின் அலசிய லாட், லிட்டருக்கு 1.6 கிராம் கேலக்டோஸில் நிறுத்தியது, 2% கரைசலாக 32 டிகிரியில் கவிழ்ப்பில் நிற்கிறது. ஆனால் மேசைமேல் வைத்திருந்த பாட்டிலும் மதியம் ஜெல்லாகிவிடுகிறது.

பருப்புமாவு

அது பொருளின் குறை இல்லை, நம்ம ஊர் வெயில். இந்த வேலையெல்லாம் 20–25 டிகிரி அறை உள்ள ஊர்களில் எழுதப்பட்டது. சென்னை மதியத்தில் 40% கழற்றிய பொருள் திரவமாக நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 36–37 சதவீதத்துக்கு இறக்கினால் அறையில் திரவமாக நிற்கும், ஆனால் 37 டிகிரியில் ஜெல் தொளதொளவென்று, இறுக வெகுநேரம் எடுக்கும். அந்தப் பேரத்தில் லாபம் இல்லை. 42–44க்கே போய், கரைசலைக் குளிர்பெட்டியில் வைத்து, எடுத்தவுடன் பயன்படுத்துங்கள். ஜெல்லாகிவிட்ட பாட்டிலும் வீணில்லை, பனிநீரில் வைத்தால் இளகிவிடும்.

கிருமிநீக்கம் செய்வதாக இருந்தால் முதலில் பிஎச்சை 6.5–7க்கு ஏற்றிவிட்டு ஆட்டோகிளேவில் வையுங்கள். பிஎச் 5ல் 121 டிகிரி கொடுத்தால் சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக அறும். வெளியே எடுத்ததும் அப்படியே ஆற விட்டால் வழியில் ஜெல் சாளரத்தைக் கடந்து இறுகும். நேராகப் பனிநீரில் இறக்கிக் கலக்குங்கள். சாதாரண உடலியல் உப்புநீர் வாசலைப் பெரிதாக அசைக்காது, சங்கிலியில் மின்னூட்டம் இல்லை. சர்க்கரையும் கிளிசராலும் வாசலைக் கீழே இழுக்கும்.

வெண்பஞ்சு

குளிர்பெட்டியிலும் பூஞ்சை பிடிக்குமே. 10% எத்தனால் விட்டு வைக்கலாமா?

நூல்பாவு

மேலே சொல்லாமல் விட்டது இதுதான். நொதி தொடாத சைலோகுளூக்கனையே ஜெல்லாக்கக்கூடியது எத்தனால். கழற்றியதில் 10% விட்டால் குளிர்பெட்டியிலேயே இறுகி நிற்கும், பனிநீரில் வைத்தாலும் இளகாது. ஆய்வகத்துக்கு மட்டும் என்றால் 0.02% சோடியம் அசைடு, பாட்டில்மேல் பெரிதாக எழுதி வையுங்கள். மற்றதற்கு, பிஎச் 5க்குக் கீழே வைக்க முடிந்தால் பொட்டாசியம் சோர்பேட். ஏழில் வைத்தால் சோர்பேட் வேலை செய்யாது, அப்போது தூளாகவே வைத்துக்கொண்டு வேண்டியபோது கரைத்துக்கொள்வதுதான் வழி.